அடைச்ச ஊட்டு வைஃபை

ஏனுங்க தம்பி, மடியில வெச்சிருக்கறீங்களே அட்டப்பெட்டி, அது மேல ரெண்டு கொம்பு மொளச்சாப்புல படம் போட்டிருக்குதே, அது வைஃபை பொட்டிதானுங்களே? நெனச்சேன். ஏறும்போதே பாத்துட்டேன். அக்கட்ட ரெண்டு சீட்டு காலியாக் கெடந்தும் உங்க பக்கத்துல வந்து உக்காந்தது அதுக்குத்தாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.

அதா, முன்னால மூணாவது சீட்டுல, ஜன்னல்ல தலைய சாச்சுட்டு உக்காந்திருக்கறா பாருங்க, நீலச் சுடிதாரு. அதுதான் எம்பொண்ணு, கோகிலவாணி. ஒத்தப் புள்ள. பக்கத்து சீட்டுல பைய வெச்சுக்கிட்டா. பை வெக்கறதுக்கு எடம் வேணுமல்லங்க, அதான் நான் பொறகால வந்துட்டேன். வேற ஒண்ணுமில்ல.

மூணு மணிக்கு ஈரோட்டுல பெங்களூரு வண்டி. இந்த பஸ்ஸு ஈரோடு போயிச் சேர இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. அதுக்குள்ள நீங்க எனக்கு ஒரு வழி சொல்லிட்டீங்கன்னா எம்பொண்ணு அந்த ரயிலு ஏற மாட்டா. இல்லீன்னா ஏறிருவா. அவ்வளவுதாங்க விசயம். நீங்க படிச்ச மொகமா இருக்கறீங்க, பொட்டியும் கையில வெச்சிருக்கறீங்க. பூட்டுன ஊட்டுக்குள்ள இருக்கற நெட்ட, பூட்டத் தொறக்காம, ஒயர வெட்டாம, வெளிய கொண்டார எதாச்சும் வழி இருக்குதுங்களா?

சித்தெ இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன். இல்லீன்னா என்னையக் கிறுக்கன்னு நெனச்சுப்போடுவீங்க. எங்கூருல பாதிப் பேரு அப்படித்தான் நெனச்சுட்டு இருக்கறானுங்க. நெனச்சுட்டுப் போறானுங்க.

எங்கூட்டுக்காரி மாராத்தா ஐப்பசியில போயிட்டா. காத்தால பத்தரை மணிக்குங்க. காப்பி வெக்கறேன்னு எந்திரிச்சவ, அப்படியே கட்டல்ல திரும்ப உக்காந்தா. "என்னுங்க, ஒரு மாதிரியா வருது"ன்னா. நான் தண்ணி கொண்டாரப் போனேன். திரும்பி வந்தப்ப தண்ணி குடிக்க ஆளு இல்ல. முப்பத்தொரு வருசம் ஒட்டுக்கா இருந்தவ, ஒரு சொம்புத் தண்ணி எடுத்துட்டு வர்ற நேரத்துல போயிட்டா. சரி, அத விடுங்க. அதச் சொன்னா ஈரோடு வந்துரும்.

செத்த நட்சத்திரம் அடைப்பு நட்சத்திரம். அடைப்புன்னாத் தெரியுமல்ல? தெரியாதா? எந்த ஊருங்க நீங்க! சில நட்சத்திரத்துல உசுரு போச்சுன்னா அந்த ஊட்டப் பூட்டிப் போட்டரோணும். இன்ன நட்சத்திரத்துக்கு இத்தன மாசம்னு கணக்கு இருக்குது. அது வரைக்கும் உள்ளார பொழக்கமே ஆகாது. நடுவுல தொறந்தா அந்தக் குடும்பத்துல இன்னொரு உசுரு போகும்பாங்க. எங்க குடும்பத்துல மிச்சம் இருக்கறதே ரெண்டு உசுருதாங்க, நானும் அவளும். என்னையக் கொண்டுட்டுப் போனாப் பரவால்ல. எமன் என்ன வயசு பாத்தா வர்றான்? நான் யாரு பேச்சையும் கேக்குல. ஜோசியர்கிட்ட நானே போனேன், வந்தேன், ஆறு மாசம்னு சொன்னேன், பூட்டுனேன். நாங்க ரெண்டு பேரும் காட்டுச் சாளைக்குக் குடி போயிட்டோம். முந்தி உரமூட்டை அடுக்கி வெச்சிருந்த ஓட்டு ஊடுங்க அது. ஊட்டுக்கும் அதுக்கும் ஒரு நூறு மீட்டர் இருக்கும், அவ்வளவுதான்.

பதினாறு முடிஞ்ச அன்னிக்கு எம்பொண்ணு எங்கையப் புடிச்சுட்டுச் சொன்னா. "அப்பா, அடைப்பு முடியற வரைக்கும் நான் உங்க கூடத்தான் இருப்பேன். ஊட்டத் தொறந்து உங்கள உள்ள குடி வெச்சுட்டுத்தான் பெங்களூரு போவேன்." அப்படீன்னா. எந்தப் புள்ளைங்க சொல்லும்? கம்பெனியிலயும் பேசி, ஊட்டுல இருந்தே வேலை செய்யறேன்னு வாங்கிட்டா.

வாங்கி என்ன பண்றது, நெட்டு பூட்டுன ஊட்டுக்குள்ளயல்ல இருக்குது! ஊட்டப் பூட்டற அன்னிக்கு யாருக்குங்க நெட்டு நெனப்பு வரும்? மாராத்தா கட்டலுக்கு மேல, ஜன்னலோரத்து அலமாரியில பொட்டி. அது பாட்டுக்கு உள்ள மினுக்கிட்டு இருக்குது. எங்கூரு பள்ளத்துல கெடக்குதுங்க, போனுல ரெண்டு வார்த்தை பேசோணும்னாலே தண்ணித் தொட்டி மேல ஏறோணும். சாளைக்குப் புதுசா ஒண்ணு இழுங்கடான்னா, கம்பத்துல எடமில்ல, ஆறேழு மாசம் ஆகும்னுட்டானுங்க.

அப்பறந்தான் பூபதி வந்தான். எங்க பக்கத்துக் கேபிளு, நெட்டு எல்லாம் அவந்தான் பாக்கறான். கெட்டிக்காரன். சாளைச் சுவத்துல, ஓட்டுக்குக் கீழ, ஒரு சின்னச் சட்டியாட்டம் ஒண்ண மாட்டுனான். மாட்டி, ஊட்டு ஜன்னலப் பாத்துத் திருப்புனான். "அண்ணா, உள்ள இருக்கற பொட்டி ஜன்னல் கண்ணாடி வழியா அனுப்பும், இந்தச் சட்டி வாங்கிக்கும். ஒயரே வேண்டாம். ஒண்ணே ஒண்ணு, குறுக்க எதுவும் வரக்கூடாது"ன்னான். "குறுக்க யாருடா வரப்போறா, என்ற காடு அது"ன்னேன்.

வந்துச்சுங்க நெட்டு! "அப்பா, நாலு கோடும் வந்துருச்சுப்பா"ன்னு சாளைக்குள்ள இருந்து கத்துறா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. மாராத்தா போயி இருவது நாளைக்கப்பறம் அன்னிக்குத்தான் ரெண்டு தோசை எச்சாத் தின்னேன்.

இனி நான் பண்ணுன கூத்தக் கேளுங்க. கார்த்திகையில நல்ல மழை. மண்ணு வெதைய வாங்குற பதத்துல கெடக்குது. பண்ணயம் பண்றவனுக்குக் கை சும்மா இருக்குமா? ஊட்டுக்கும் சாளைக்கும் நடுவுல இருக்கற காட்டுல மக்காச்சோளத்தப் போட்டுட்டேன். போடும்போது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சோளம் ஒசரமா வளருமேன்னு தோணியிருக்கோணுமல்ல? தோணுல. நாப்பது வருசமாச் சோளம் போடறேன், அது வளரும்னு எனக்குத் தோணுல!

மொழங்கால் ஒசரத்துக்கு வந்தப்ப ஒண்ணும் தெரியல. இடுப்புக்கு வந்தப்ப, நெட்டு சுத்துது சுத்துதுன்னா. நான் பூபதியத் திட்டுனேன். போலிச் சட்டிய மாட்டிட்டுப் போயிட்டான்னேன். ஆளு ஒசரம் வந்தப்ப சுத்தமா நின்னு போச்சு. மீட்டிங்குல எம்பொண்ணு வாயத் தொறந்தபடிக்கே சிலையாட்டம் நிக்கறாளாம், அங்க எல்லாரும் பாக்கறாங்களாம். அவ என்ன பண்ணுவா? லேப்டாப்பத் தூக்கிட்டு, கொடையப் புடிச்சுட்டு, தண்ணித் தொட்டி மேல ஏறி உக்காந்து போனு நெட்டுல வேலை செய்யறா. மொட்ட வெயில்லங்க. நான் கீழ நின்னு மோர் வேணுமா கண்ணு, எளநி வேணுமா கண்ணுன்னு கேட்டுட்டே நிக்கறேன். வேற என்னத்தப் பண்றது?

பூபதி வந்தான். சாளை வாசல்ல நின்னு ஊட்டுப் பக்கம் பாத்தான். சிரிச்சான் பாருங்க, எனக்கு அப்பிடியே பத்திக்கிட்டு வந்துச்சு. "அண்ணா, குறுக்க ஒண்ணும் வரக்கூடாதுன்னு சொன்னேன், நீங்க ஒரு காட்டையே கொண்டாந்து நிறுத்தியிருக்கறீங்களே"ங்கறான்.

அவன் போனதும் அருவாள எடுத்தேன். தை மாசக் கடைசிங்க, கதிரு பால் புடிச்சு நிக்குது. பால் புடிச்ச பயிர எவனாச்சும் வெட்டுவானா? நான் வெட்டுனேன். ஊட்டு ஜன்னல்ல இருந்து சாளைச் சுவரு வரைக்கும், ரெண்டு ஆளு ஒட்டுக்கா நடக்கற அகலத்துக்கு, ஒரே நேரா வெட்டிச் சாச்சேன். கையில பாலு பிசுபிசுங்குது. எம்பொண்ணு சாளை வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தா, ஒரு வார்த்தை பேசுல. பங்காளி ஒருத்தன் வரப்புல நின்னுட்டு, பொண்டாட்டி கூடவே சென்னியப்பனுக்குப் புத்தியும் போயிருச்சுன்னு சொல்லிட்டுப் போறான். போடா, எனக்கு எம்பொண்ணு இருக்கோணும், உன்ற நாயம் எவனுக்கு வேணும்னேன். சாயங்காலம் நாலு கோடும் வந்துருச்சு.

அப்பறம் ஒரு கோளாறு. பொட்டி அடிக்கடி மயங்கிருது. அணைச்சுப் போட்டாத்தான் தெளியுமாம். எங்க அணைக்கறது? உள்ளயல்ல இருக்குது. அதுக்கும் நான் ஒரு வழி கண்டுபுடிச்சேன். மீட்டர் பொட்டி வெளிச் சுவத்துல இருக்குது. பீஸ் கட்டையப் புடுங்கி, இருவது எண்ணி, மறுக்காச் சொருகுனா எல்லாம் மொதல்ல இருந்து வரும். பூபதியே அசந்து போயிட்டான். தெனமும் காத்தால அவ மீட்டிங்குக்கு முன்னால போயிப் புடுங்கிச் சொருகறது எனக்கு ஒரு சோலியாவே ஆயிருச்சு. சொருகிட்டு ஜன்னல்ல எட்டிப் பாப்பேன். மொதல்ல ஒரு லைட்டு வரும். அப்பறம் ரெண்டாவது. அப்பறம் பச்சையா மினுக்கு மினுக்குன்னு வரும். அந்த வெளிச்சத்துல மாராத்தா கட்டலு தெரியும், தலகாணி தெரியும், தலகாணி மேல அவ கழட்டி வெச்ச கண்ணாடி தெரியும். லைட்டு வந்துருச்சான்னு பாக்கத்தான் போறது. சில நாளு லைட்டு வந்தப்பறமும் சித்தெ நேரம் நின்னுட்டு வருவேன். வெயிலுக்கு அந்தப் பக்கம் நெழலு நல்லா இருக்கும், அதுக்குத்தான்.

இப்ப பத்து நாளா பச்சை வர்றதில்லீங்க. செவப்பு. பீஸ்ஸப் புடுங்கி நூறு எண்ணியும் பாத்துட்டேன், செவப்பேதான். பூபதி வந்து பாத்துட்டு, உள்ளார எலி ஒயரக் கடிச்சுப்போட்டுது, தொறந்தாப் பத்து நிமிசத்துல முனைய மாத்திருவேன்னான். தொறக்க முடியாதுன்னேன். அப்பச் சரி, வெளிச் சுவத்துலயே ஒயர வெட்டி, சாளைக்கு இழுத்து, புதுப் பொட்டி வெச்சுத் தர்றேன், சட்டியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னுட்டுக் கத்திரிய எடுத்துட்டான். நான் ஓடிப் போயி அவங்கையப் புடிச்சுட்டேன்.

ஏன்னா? என்னங்க ஏன்னு கேக்கறீங்க! அடைச்ச ஊட்டுல இருந்து ஒண்ணையும் புடுங்கக் கூடாதுங்க. அதும் போக, ஒயர வெட்டிட்டா உள்ள இருக்கற பொட்டி எதுக்கு? வீணா எரியுதுன்னு கரண்ட நிறுத்தச் சொல்லுவா. அப்பறம் அந்த ரூம்புல ஒரு பொட்டு வெளிச்சம் இருக்காதல்ல. செவப்போ பச்சையோ, எரியுதல்லங்க? எரிஞ்சுட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன கொறைஞ்சு போச்சு?

எம்பொண்ணு பக்கத்துலதான் நின்னா. "அப்பா, நெட்டு எனக்குத்தான வேணும்?"னா. அவ்வளவுதான் கேட்டா. "தொறப்பக் குடுங்க, நானே தொறக்கறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னா. அந்தச் சாவிய அன்னிக்கு அரணாக்கொடியில கட்டுனவன்தான், குளிக்கும்போது கூட அவுக்கறதில்ல. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போயி முட்டிக்கறதுன்னு கத்துனேன். கம்பெனியில திங்கக்கிழமை ஆபீசுல இருக்கோணும், இல்லீன்னா எழுதிக் குடுத்துட்டுப் போன்னுட்டாங்களாம். சாளைக்குள்ள போயித் துணிய மடிக்க ஆரம்பிச்சுட்டா.

இப்பச் சொல்லுங்க. உங்க பொட்டியில அப்பிடி ஒரு வித்தை இருக்குதா? இல்லீங்களா? ஒண்ணுமே இல்லியா? இத்தன வெஞ்ஞானம் வந்து என்னங்க பிரயோசனம்! வானத்துல இருந்து படம் புடிக்கறானுங்க, நூறு மீட்டர்ல பூட்டிக் கெடக்கற ஊட்டுக்குள்ள இருந்து நெட்ட எடுக்க ஒரு பொட்டி இல்லீங்கறீங்க.

என்ன கேக்கறீங்க? அடைப்பு முடிய இன்னும் எத்தன நாளா? அது... ஐப்பசி கடைசி, கார்த்திகை, மார்கழி, தை, இப்ப மாசி... இருக்குதுங்க. சித்திரை வரைக்கும் இருக்குது. அடைப்பு நட்சத்திரம் எதுன்னா கேக்கறீங்க? இப்பத்தான அடைப்புன்னா என்னன்னே தெரியாதுன்னீங்க, அதுக்குள்ள நட்சத்திரம் கேக்கறீங்களே.

உங்ககிட்ட என்னத்த மறைக்கறது. நீங்க என்ன எங்கூருக்கா வந்து சொல்லப் போறீங்க? இத நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லீங்க. விசாகம்ங்க. அவ போனது விசாகம். விசாகத்துக்கு ஆறு மாசம் இல்ல, ரெண்டே மாசம்தான். தை பொறந்தாத் தொறந்துக்கன்னு ஜோசியரு சீட்டுலயே எழுதிக் குடுத்தாரு. அந்தச் சீட்டக் கிழிச்சு வாய்க்கால்ல போட்டுட்டு வந்துதான் ஆறு மாசம்னு சொன்னேன்.

ஏன் சொன்னேன்? எம்பொண்ணு, எழவுக்கு வந்த அன்னிக்கே, ஒரு மாசமோ ரெண்டு மாசமோ அடைப்பு இருக்கும், அது வரைக்கும் லீவு போடறேன்னு யாருகிட்டயோ போனுல சொல்லிட்டு இருந்தா. என்ற காதுல உளுந்துச்சு. ரெண்டு மாசத்துல தொறந்தா, தொறந்த அன்னிக்கே போயிருவாளேன்னு நெனச்சேன். அவ போயிட்டா அந்த ஊட்டுக்குள்ள நான் ஒருத்தனாப் போகோணும். அந்தக் கண்ணாடிய நான் எடுத்து வெக்கோணும். அந்தத் தலகாணிய நான் தட்டிப் போடோணும். என்னால ஆகாதுங்க! ஆறு மாசம்னா ஆறு மாசம் கூட இருப்பான்னுதான் சொன்னேன். கொள்ளிக்கட்டைய எடுத்து நானே தலையச் சொறிஞ்சுக்கிட்டேன். அவ இங்க இருக்கட்டும்னு எந்தப் பூட்டப் போட்டேனோ, அந்தப் பூட்டுதான இப்ப அவளத் தொரத்துது! தொறந்தா, அடைப்பு முடிஞ்சுதுன்னு போயிருவா. தொறக்குலீன்னா, நெட்டு இல்லீன்னு போயிருவா. நான் எந்தப் பக்கம் போறது, சொல்லுங்க! சோளத்த வெட்டுனனே, அன்னிக்கே தொறந்திருக்கலாம்ங்க! தை ஒண்ணாந்தேதியே தொறந்திருக்கலாம்! நான் எம்பொண்ணுகிட்டப் பொய் சொல்லிப்போட்டேன் தம்பி, நான் பொய்யி சொல்லிப்போட்டேன்!

ஏன் கையப் புடிக்கறீங்க? என்ன?

அய்யய்யோ. வண்டிய எப்பங்க அணைச்சான்? ரயில்வே கேட்டு போட்டிருக்குதா? எத்தன நேரமாச்சு அணைச்சு? வண்டிச் சத்தத்துக்குக் கத்திக் கத்திப் பேசிட்டு வந்து, நின்னதே தெரியாமப் பேசிட்டனே. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்களே. கண்டக்டரு கூடப் பாக்கறான்.

அவ எந்திரிக்கறா. இங்கதான் வர்றா.

கண்ணு... கண்ணு, அது வந்து, நான் சும்மா இவருகிட்ட நாயம் பேசிட்டு... அம்மிணி, அப்பிடிப் பாக்காத சாமி. என்னையத் திட்டிப்போடு. நாலு பேரு முன்னாலயே திட்டு, பரவால்ல... என்னது? என்ன சொன்ன?

தம்பி, கேட்டீங்களா அவ சொல்றத? மொத நாளே தெரியும்ங்கறா. சட்டி மாட்டி நெட்டு வந்துச்சே, அன்னிக்கே பாத்தாளாம். அம்மா போன தேதியையும் மணியையும் நெட்டுல போட்டா நட்சத்திரம் தானா வந்துருதாம். விசாகம், ரெண்டு மாசம்னு அதுலயே போட்டிருந்துதாம். "எனக்குத் தெரியும்ப்பா, கத்தாதீங்க"ங்கறா.

அப்பறம் எதுக்குக் கண்ணு இருந்த? தையிலயே போயிருக்கலாமல்ல? எதுக்கு அந்த வெயில்ல தொட்டி மேல ஏறி உக்காந்த? நான் பயிர வெட்டறப்ப எதுக்குப் பேசாம நின்ன?

"நீங்களாத் தொறப்பீங்கன்னு இருந்தேன்ப்பா"ங்கறா.

இன்னிக்கே தொறக்கறேன் கண்ணு. எறங்கிரலாம். இந்தக் கேட்டுலயே எறங்கி எதுத்த வண்டி புடிச்சமுன்னா நாலு மணிக்கு ஊட்டுல இருக்கலாம். நீ வாசல்ல நின்னாப் போதும், நான் உள்ள போறேன். கண்ணாடிய நானே எடுக்கறேன்... இல்லியா? போயித்தான் ஆகோணுமா? சரி. சரி கண்ணு. திங்கக்கிழமை ஆபீசு, ஆமா. நானே தொறக்கறேன், நான் ஒருத்தனாவே தொறக்கறேன், நீ அழுகாத. அம்மா போனப்பக் கூட நீ இப்பிடி அழுகுல. எங்க கண்ணு இத்தன நாளா வெச்சிருந்த?

ரயிலு போயிருச்சு, கேட்டத் தூக்கறான். தம்பி, ஒரு ஒத்தாசை பண்றீங்களா? உங்க பொட்டிய எடுத்துட்டு அக்கட்ட அந்த சீட்டுக்குப் போயிக்கறீங்களா? ஈரோடு போறதுக்கு இன்னும் இருவது நிமிசம் இருக்குது. எம்பொண்ணு இங்க உக்காந்துட்டு வரட்டும்.